கார்டைத் தாண்டுவது, பிறகு முடிப்பது: பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கேள்வி-பதில்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டே இடத்தில் வந்து நிற்கும். எதிராளியின் கால்களைத் தாண்ட முடியவில்லை. தாண்டினாலும் ஆட்டத்தை முடிக்க முடியவில்லை. இவை இரண்டும் ஒரே சிக்கல் என்பது என் உறுதியான கருத்து. எப்படித் தாண்டுகிறோம் என்பதிலேயே எதைப் பிடித்து முடிக்கப் போகிறோம் என்பது பாதி தீர்மானமாகிவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கோணத்தில் எழுதியவை. இதைப் படித்துவிட்டு வீட்டில் யார் மேலும் செய்து பார்க்க வேண்டாம். பயிற்சிப் பாயில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

கீழே மல்லாந்து கிடப்பவர் பாதி தோற்ற மாதிரிதானே? அவரைத் தாண்ட ஏன் இவ்வளவு பாடு?

மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் அழுந்தினால் கதை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. மல்லாந்து கிடப்பவரின் கால்கள் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் வரை அவர் ஆட்டத்தில் முழுதாக இருக்கிறார். அந்த நிலைக்குத்தான் கார்டு என்று பெயர். மேலே இருப்பவர் தன் கால்களை நிற்பதற்கும் சமநிலைக்கும் செலவழிக்க வேண்டும். கீழே இருப்பவருக்கு இரண்டு கை, இரண்டு கால் என நான்கும் பிடிக்கவும் தள்ளவும் கிடைக்கின்றன. இந்தக் கணக்கு புரிந்தால் ஏன் இவ்வளவு பாடு என்பது புரியும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சாட்சி 1994 டிசம்பரில் நடந்த யு.எஃப்.சி. 4 என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதி ஆட்டம். ஹொய்ஸ் கிரேசி தன்னைவிட மிகவும் கனமான மல்யுத்த வீரர் டேன் செவர்னுக்கு அடியில் கால் மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். பார்த்தவர்களுக்கு அவர் நசுங்கிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றியது. கடைசியில் கால்களைக் கழுத்தில் பூட்டி நெரிக்கும் ட்ரையாங்கிளில் முடித்தார். செவர்ன் கடைசி வரை அந்தக் கால்களைத் தாண்டவே இல்லை.

இந்தக் கலை பிரேசிலுக்கு எப்படிப் போனது?

ஜப்பானின் கோடோகன் ஜூடோ பள்ளியில் வளர்ந்த மிட்சுயோ மேடா 1914இல் பிரேசில் வந்து, பிறகு வடக்கே பெலெம் நகரில் தங்கினார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸும் தம்பி ஹீலியோவும் ரியோ டி ஜெனிரோவில் தரைச் சண்டையைத் தனியாக எடுத்து வளர்த்தார்கள். ஜூடோவில் தரைக்குப் போனதும் நடுவர் சீக்கிரமே எழுப்பிவிடுவார். ரியோவில் அப்படி எழுப்ப ஆளில்லாததால், கீழே கிடந்தபடியே சண்டை போடும் கலை அங்கே தடித்து வளர்ந்தது. தாண்டும் கலையும் கூடவே வளர்ந்தது.

எப்போது கார்டைத் தாண்டிவிட்டதாகக் கணக்கு?

சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதிப்படி, எதிராளியின் கால்களை முழுதாகக் கடந்து, பக்கவாட்டிலோ தலைப்பக்கமோ அவரை 3 வினாடி அடக்கி வைத்திருந்தால் பாஸ். அதற்கு 3 புள்ளி. கீழே தள்ளினால் 2, கார்டிலிருந்து புரட்டினால் 2, வயிற்றில் முட்டி வைத்தால் 2, எதிராளியின் மேல் ஏறி உட்காரும் மவுன்ட்டுக்கும் முதுகைப் பிடிப்பதற்கும் 4. எந்த நேரத்திலும் சப்மிஷன், அதாவது பூட்டாலோ நெரிப்பாலோ எதிராளியைத் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது, வந்தால் புள்ளிக் கணக்கெல்லாம் ரத்து.

அந்த 3 வினாடியை வெறும் விதியாகப் பார்க்காதீர்கள். கால்களைக் கடப்பது ஒரு கணம். அடக்குவதுதான் வேலை. புதியவர்கள் அந்தக் கணத்திலேயே நிம்மதிப் பெருமூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துகிறார்கள். அந்த இடைவெளியில் எதிராளி முட்டியை உள்ளே நுழைத்துவிடுகிறார். பாஸ் என்பது கடக்கும்போது முடிவதில்லை, அவர் திரும்ப முயல்வதைக் கைவிடும்போதுதான் முடிகிறது.

மூடிய கார்டுக்குள் மாட்டிக்கொண்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் முதுகை நிமிர்த்துங்கள். எதிராளி இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பூட்டி, காலரையோ தலையையோ பிடித்துத் தன் மேல் இழுத்துப் படுக்க வைக்கப் பார்ப்பார். நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக் கிடந்தால் உங்களால் எதையும் திறக்க முடியாது. ஒரு கையால் அவர் நெஞ்சுத் துணியின் இரண்டு காலரையும் சேர்த்துக் கொத்தாகப் பிடியுங்கள். இன்னொரு கையை இடுப்பெலும்பருகே வையுங்கள். முழங்கைகள் உங்கள் விலாவை விட்டு வெளியே போகக்கூடாது. தலை மேலே, பார்வை முன்னால்.

ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று ஒருபோதும் இருக்க வேண்டாம். ட்ரையாங்கிளுக்கு அவருக்கு வேண்டியது அதுதான். இரண்டு கையும் அவர் கால்களுக்கு உள்ளே, அல்லது இரண்டும் வெளியே. இந்த ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டாலே பாதி சப்மிஷனிலிருந்து தப்பிக்கலாம்.

முட்டி போட்டபடி திறக்கலாமா, எழுந்து நின்று திறக்கலாமா?

எழுந்து நில்லுங்கள். முட்டி போட்டுத் திறக்கும் முறைகளும் உண்டு, வேலையும் செய்யும். ஒரு முட்டியை அவர் பின்தட்டுக்கு நடுவில் வைத்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, பூட்டியிருக்கும் கணுக்கால் பக்கம் முழங்கையால் அழுத்தினால் பூட்டு விடும். ஆனால் ஆள் பலசாலி என்றால் நேரமும் மூச்சும் வீணாகும். நின்றுவிட்டால் அவர் உடம்பின் பாரமே அவர் கால்களைத் திறக்க உதவுகிறது.

நிற்கும்போது முதலில் அவருடைய ஒரு சட்டைக் கையைப் பிடித்து அவர் நெஞ்சின் மேல் அழுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பக்கக் காலைத்தான் முதலில் ஊன்ற வேண்டும். ஏனென்றால் அந்தக் கையால் அவர் உங்கள் கணுக்காலைப் பிடிக்க முடியாது. நின்றதும் இடுப்பை முன்னால் தள்ளி நிமிர்ந்து, ஒரு கையால் அவர் முட்டியை உள்பக்கமிருந்து கீழே அழுத்துங்கள். அவர் தொங்கிக்கொண்டிருந்தால் தூக்கித் தரையில் அடிக்க வேண்டாம். ஆபத்து, போட்டியிலும் உடனே வெளியேற்றிவிடுவார்கள்.

கார்டு திறந்தாயிற்று. எந்த பாஸை முதலில் கற்க வேண்டும்?

நீ கட் (knee cut). முட்டியால் நடுவில் அறுத்துக்கொண்டு போவது. வெள்ளைப் பட்டையிலிருந்து உலகச் சாம்பியன் வரை எல்லோரும் செய்வது. எட்டு முறை உலகப் பட்டம் வென்ற லியான்ட்ரோ லோ ஐந்து வெவ்வேறு எடைப் பிரிவுகளில் அதைச் சாதித்தவர். அவர் ஆட்டங்களைப் பார்த்தால் இந்த முட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உங்கள் ஒரு கால் அவர் கால்களுக்கு நடுவில். அந்த முட்டியை அவருடைய ஒரு தொடையின் மேல் குறுக்காகச் சாய்த்து, தொடையைத் தரையோடு அழுத்திக்கொண்டே மறுபக்கம் வழுக்கவிட வேண்டும். இதுதான் எல்லோரும் பார்க்கும் பகுதி. பார்க்காத பகுதி கைகளில் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அவருடைய கையின் அக்குளுக்குள் உங்கள் கையை நுழைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் அண்டர்ஹுக். இன்னொரு கையால் அருகில் இருக்கும் அவர் கையின் முழங்கைத் துணியைப் பிடித்து மேலே இழுத்து வையுங்கள். இந்த இரண்டும் இருந்தால் அவரால் பக்கவாட்டில் திரும்பி உட்கார முடியாது. முதுகு தரையோடு ஒட்டிவிடும்.

அண்டர்ஹுக் உங்களுக்கா அவருக்கா என்பதுதான் நீ கட்டின் முழுச் சண்டையும். அது அவரிடம் போனால் உங்கள் அக்குளுக்கு அடியில் புகுந்து முதுகுக்குப் போய்விடுவார். அதனால் கை இல்லாமல் முட்டியை அறுக்காதீர்கள். கை பிடிபடவில்லையா, முட்டியை நிறுத்துங்கள், கையைச் சண்டை போட்டு வாங்குங்கள், அப்புறம் வழுக்குங்கள்.

கடைசியில் உங்கள் கால் பாதம் மட்டும் அவர் கால்களுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். எல்லோருக்கும் நடக்கும். அவசரப்பட்டு இழுத்தால் மேல் உடம்பு தளரும். மாறாக, தோளை அவர் தாடையில் பதித்து அவர் முகத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ உடம்பு அந்தப் பக்கம்தான் போகும்; முகம் வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கையில் அவரால் உங்களை நோக்கி இடுப்பைத் திருப்ப முடியாது. அதன்பின் மற்றக் காலின் பாதத்தால் அவர் முட்டியைத் தள்ளிச் சிக்கிய பாதத்தை உருவிக்கொள்ளலாம். அவசரமே இல்லை.

ஆள் முட்டியைக் குறுக்கே வைத்துத் தடுக்கிறார். என் நீ கட் நுழையவே இல்லை.

அப்போது நடுவில் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். அதற்குத்தான் டொரியாண்டோ. எருதுச் சண்டைக்காரர் துணியை ஒரு பக்கம் வீசிவிட்டுத் தான் மறுபக்கம் விலகுவது போல, அவர் இரண்டு காலையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு நீங்கள் மறுபக்கம் சுற்றி வருவது. முட்டிக்கு அருகே கால்சட்டைத் துணியை வெளியிலிருந்து கொத்தாகப் பிடியுங்கள். கால்சட்டை விளிம்புக்குள் விரலை நுழைத்துப் பிடிப்பது போட்டி விதியில் தவறு.

இதில் பலரும் செய்யும் தவறு ஒன்றுதான். கால்களைத் தள்ளியதும் கையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். கையை விட்ட மறுகணம் கால்கள் திரும்பி வந்துவிடும். உங்கள் தோள் அவர் இடுப்பிலோ வயிற்றிலோ இறங்கும் வரை கால்சட்டைப் பிடி இருக்க வேண்டும். தோள் இறங்கிய பிறகு கையை விட்டுத் தலையைச் சுற்றிப் போடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பழகினால்தான் இவற்றின் உண்மையான பயன் தெரியும். சுற்றி வருவீர்கள் என்று பயந்து அவர் இடுப்பைத் திருப்பிக் கால்களை உங்கள் பக்கம் கொண்டுவருவார். அப்போது இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு வழி திறக்கும். அங்கே முட்டியை இறக்குங்கள். நடுவை அடைத்தால் மறுபடி சுற்றுங்கள். ஒரே பாஸை ஐந்து முறை முட்டி மோதுவதைவிட, இரண்டு பாஸ்களை மாற்றி மாற்றிக் கொடுப்பது சீக்கிரம் வேலை செய்யும்.

எனக்கு வேகம் கிடையாது. கொஞ்சம் கனமான உடம்பு. ஓடிச் சுற்றுவதெல்லாம் ஆகாது. வழி உண்டா?

தாராளமாக உண்டு. ஐந்து முறை உலகச் சாம்பியனான பெர்னார்டோ ஃபாரியா 2015இல் தன் எடைப் பிரிவிலும் எடை வரம்பில்லாத திறந்த பிரிவிலும் சேர்த்து வென்றார். அவர் வேகத்தில் ஜெயித்தவர் அல்ல. ஓவர்-அண்டர் என்ற பாஸ்தான் அவர் கையிருப்பு. ஒரு கை எதிராளியின் ஒரு காலுக்கு மேலாக, இன்னொரு கை மற்றக் காலுக்கு அடியில். தலையும் தோளும் இடுப்பருகே புதைந்திருக்கும். முட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி, கால்விரல்களை ஊன்றி, உடம்பின் முழுப் பாரத்தையும் தோள் வழியாக அவர் வயிற்றில் இறக்கி, அடி அடியாக நகர்வது. பார்க்க அழகாக இருக்காது. கீழே இருப்பவருக்கு மூச்சு முட்டும்.

நோ-கி, அதாவது அந்தக் கனத்த சட்டை இல்லாமல் ஆடும் வகையில், இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டிக்கொண்டு தாண்டும் பாடி லாக் இதே குணமுடையது. கோர்டன் ரையன் போன்றவர்கள் அதை மிகவும் பரவலாக்கினார்கள். இடுப்பு அசையாவிட்டால் கார்டே இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. வியர்வையில் துணி இல்லாத உடம்பு வழுக்கும் என்பதால், தூரத்தில் நின்று கால்களைப் பிடிப்பதைவிட ஒட்டிக்கொள்வதுதான் நோ-கியில் நம்பகமானது.

கால்களைத் தாண்டிவிட்டேன். ஆனால் அவர் குப்புறப் புரண்டு முட்டி போட்டுச் சுருண்டுவிடுகிறார். பாஸ் போனதா?

புள்ளி போகலாம், வாய்ப்பு போகவில்லை. இன்னும் நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதுகைக் காட்டிவிட்டாரே! நேராக இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்து, ஒரு காலை அவர் தொடைக்கு உள்ளே கொக்கி போட்டு முதுகுக்குப் போங்கள். முதுகைப் பிடித்தால் 4 புள்ளி. அதைவிட முக்கியம், இந்தக் கலையில் சப்மிஷனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

அவர் எப்படித் தப்பிக்கிறார் என்பதைக் கவனித்தால் உங்கள் முடிப்பு அங்கேயே தெரியும். உள்பக்கமாகத் திரும்பி முட்டியை நுழைக்கப் பார்ப்பவரை முகத்தை அழுத்தி மல்லாத்தி மவுன்ட்டுக்குப் போகலாம். வெளிப்பக்கமாகப் புரள்பவரின் முதுகைப் பிடிக்கலாம். இரண்டையும் செய்யாமல் கையால் உங்களைத் தள்ளுபவர் கையைக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

சரி, பாஸ் ஆகிவிட்டது. பக்கவாட்டில் படுத்திருக்கிறேன். இப்போது எந்த சப்மிஷன்?

பதில் அவர் கைகளில் இருக்கிறது. தூரத்துக் கையை உங்கள் கழுத்தில் வைத்துத் தள்ளினால், அந்தக் கை நீண்டிருக்கிறது. அதைக் கட்டிப்பிடித்து, தலையைச் சுற்றிக் காலைப் போட்டு, முழங்கையை நீட்டி நெம்பும் ஆம்பார். கை தரையில் மடங்கி, உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தால் தோளைத் திருகும் அமெரிக்கானா. கை கீழ்நோக்கி உங்கள் இடுப்பைத் தள்ளினால் தோளை மறுதிசையில் திருகும் கிமுரா. முழங்கை உடம்பை விட்டுப் பிரிந்து அவர் முகத்தின் குறுக்கே வந்துவிட்டால், கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் ஆம் ட்ரையாங்கிள்.

நீ கட்டில் அண்டர்ஹுக் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அது இங்கே பலன் தருகிறது. தூரத்துக் கை ஏற்கெனவே தரையிலிருந்து கிளம்பி நிற்கிறது. அதைத் தலையால் அழுத்தி அவர் கழுத்தோடு ஒட்ட வைத்தால் ஆம் ட்ரையாங்கிள் பாதி முடிந்த மாதிரி. பாஸும் சப்மிஷனும் தனித்தனிப் பாடமாக நடத்தப்படுவதால் மாணவர்கள் இந்த இணைப்பைப் பார்ப்பதில்லை. பாஸ் பண்ணிய பிடியை விட்டுவிட்டு, புதிதாக ஒரு சப்மிஷனைத் தேட ஆரம்பிக்கிறார்கள். எதிராளிக்கு அந்த ஒரு மூச்சு போதும்.

ஆம்பார் போட்டால் கையை உருவிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

மூன்று இடங்களைப் பாருங்கள். உங்கள் பின்புறம் அவர் தோளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது? ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் முழங்கை அந்த வழியாக நழுவிவிடும். தோளோடு ஒட்ட உட்கார்ந்த பிறகுதான் சாய வேண்டும். அடுத்து முட்டிகள்: இரண்டும் நெருங்கி அவர் மேல்கையைக் கவ்வியிருக்க வேண்டும். பாதங்களைப் பின்னிக்கொள்வதில் காட்டும் அக்கறையை முட்டிகளில் காட்டுங்கள்.

கடைசியாகக் கட்டைவிரல். அவர் கட்டைவிரல் மேலே பார்த்தபடி இருந்தால், முழங்கை மடங்கும் திசைக்கு நேர் எதிராக உங்கள் இடுப்பு அழுத்துகிறது. கை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் வலி வராது. மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்து, கட்டைவிரல் பார்க்கும் திசையைச் சரிசெய்து, பிறகு இடுப்பை மெல்ல உயர்த்துங்கள்.

கழுத்தைப் பிடித்து இறுக்கு இறுக்கென்று இறுக்குகிறேன். என் கைதான் சோர்ந்துபோகிறது, அவர் டேப் செய்வதில்லை, அதாவது தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை.

பெரும்பாலும் தொண்டையையோ தாடையையோ இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். நல்ல நெரிப்பு கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களை அடைப்பது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, சரியாக விழுந்தால் பத்து வினாடி சுற்றளவிலேயே நினைவு தப்பிவிடும். அதற்கு பெரிய பலம் தேவையில்லை, இடம் தவறக்கூடாது.

முதுகிலிருந்து போடும் ரியர் நேக்கட் சோக்கில், உங்கள் முழங்கையின் மடிப்பு அவர் தொண்டைக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் மேல்கையும் மறுபக்கம் முன்கையும் குழாய்களை அடைக்கும், தொண்டைக்கு நேராக இடைவெளி இருக்கும். அந்தக் கையால் உங்கள் மற்றக் கையின் புஜத்தைப் பிடித்து, மற்றக் கையை அவர் பின்தலைக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். பிறகு கையால் இறுக்காமல், மூச்சை இழுத்து நெஞ்சை விரித்து, முழங்கைகளைப் பின்னால் இழுங்கள். முதுகுத் தசை வேலை செய்யும், முன்கை சோராது.

மவுன்ட்டிலிருந்து காலரால் நெரிப்பது பழைய முறை, இப்போது யாரிடம் எடுபடும் என்கிறார்களே?

ஹோஜர் கிரேசியிடம் கேட்டால் வேறு சொல்வார். பத்து முறை உலகச் சாம்பியன். மவுன்ட்டில் ஏறி, முதல் நாள் வகுப்பில் சொல்லித்தரும் அதே கிராஸ் காலர் சோக்கால் முடிப்பதுதான் அவர் அடையாளம். 2009 உலகப் போட்டியின் திறந்த பிரிவு இறுதி ஆட்டத்தில் ரோமுலோ பஹாலையும் அதே பிடியில்தான் முடித்தார். வரப்போகிறது என்று எதிரில் இருந்த எல்லோருக்கும் தெரியும், தடுக்கத்தான் முடியவில்லை.

ரகசியம் முதல் கையின் ஆழத்தில் இருக்கிறது. நான்கு விரலும் காலருக்குள்ளே, கட்டைவிரல் வெளியே, கை பின்கழுத்தைத் தொடும் அளவுக்கு உள்ளே போக வேண்டும். காதுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இரண்டாவது கை எவ்வளவு நன்றாக வந்தாலும் நெரிப்பு விழாது. முதல் கை ஆழமாகப் போகும் வரை இரண்டாவது கையை நினைக்கவே வேண்டாம். அது போன பிறகு, இரண்டாவது கையை அதன் மேலாகக் கொண்டுபோய் மறுபக்கத் துணியைத் தோளருகே பிடித்து, தலையைத் தரைக்குத் தாழ்த்தி, முழங்கைகளை உங்கள் விலாப்பக்கம் இழுங்கள். முதல் கை போனதுமே அவர் பதறி இரண்டு கையாலும் அதைப் பிடிப்பார். அப்போது முழங்கைகள் திறந்துவிடும். ஆம்பார் இலவசமாகக் கிடைக்கும்.

கிமுரா என்பது ஒருவர் பெயரா?

ஆம். மசாஹிகோ கிமுரா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியை எதிர்த்தார். கனத்திலும் பலத்திலும் கிமுரா எட்டாத உயரம். தோளைத் திருகும் இந்தப் பூட்டில் ஹீலியோவின் கை முறிந்தது. அவர் டேப் செய்யவில்லை; அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற குடும்பமே அந்தப் பூட்டுக்கு வென்றவர் பெயரை வைத்து இன்றுவரை கற்றுக்கொடுக்கிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

செய்முறையில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர் முழங்கையை உடம்பிலிருந்து பிரித்து, 90 பாகையில் மடக்கியே வைத்து, உங்கள் நெஞ்சோடு அணைத்தபடி முழு உடம்பையும் திருப்ப வேண்டும். கையால் மட்டும் திருகினால் அவர் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு தாக்குப்பிடிப்பார்.

தாண்டப் போகும்போதெல்லாம் ட்ரையாங்கிளில் மாட்டிக்கொள்கிறேன்.

ஒரு காலுக்கு அடியில் கையை விட்டுத் தூக்கும் பாஸ் செய்கிறீர்கள், மற்றக் கை அவர் கால்களுக்கு நடுவில் தொங்குகிறது. அதுதான் காரணமாக இருக்கும். அந்த மற்றக் கையின் முழங்கையை அவர் தொடைக்கு வெளியே கொண்டுவாருங்கள், அல்லது இரண்டு காலுக்கும் அடியில் இரண்டு கையையும் விடுங்கள். மாட்டியே விட்டால் தலையைக் குனியாதீர்கள். நிமிர்ந்து, அவர் இடுப்பை மேலே மடக்கி, அவர் கோணம் வெட்டித் திரும்புவதைத் தடுங்கள். நேராக இருக்கும் ட்ரையாங்கிள் அவ்வளவு சீக்கிரம் இறுகாது. பக்கவாட்டில் திரும்பிவிட்டால் டேப் செய்துவிடுங்கள்.

தாண்டாமலே காலைப் பிடித்து முடிக்கிறார்களே, அதைக் கற்றால் போதாதா?

கால் பூட்டுகள் இன்று இந்தக் கலையின் சம பங்காளி, அதில் சந்தேகமில்லை. 2019இல் ஏ.டி.சி.சி. என்ற நோ-கி போட்டியில் 77 கிலோ பிரிவைச் சேர்ந்த லாக்லன் கைல்ஸ், எடை வரம்பில்லாத பிரிவில் தன்னைவிடப் பல கிலோ கனமானவர்களைக் குதிகாலைத் திருகும் ஹீல் ஹுக்கில் முடித்து வெண்கலம் வாங்கினார். அதன்பின் யாரும் கால் பூட்டைக் குறுக்குவழி என்று சொல்வதில்லை.

ஆனால் தாண்டுவதற்குப் பதிலாக அதைக் கற்பது எனக்கு உடன்பாடில்லை. காலைப் பிடிக்கப் பின்னால் விழுந்து, அது தவறினால் அவர் மேலே, நீங்கள் கீழே. தாண்டத் தெரிந்தவருக்குக் கால் பூட்டு கூடுதல் ஆயுதம். தாண்டத் தெரியாதவருக்கு அது ஒற்றைச் சீட்டு.

விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.பி.ஜே.ஜே.எஃப். போட்டிகளில் வயது வந்தோருக்கு நேரான கணுக்கால் பூட்டு வெள்ளைப் பட்டையிலிருந்தே உண்டு. முட்டியை நீட்டி நெம்பும் நீபார், பாதத்தைத் திருகும் டோ ஹோல்டு போன்றவை பழுப்புப் பட்டையிலிருந்துதான். குதிகாலைத் திருகும் ஹீல் ஹுக் 2021 முதல் நோ-கியில், பழுப்பு, கறுப்புப் பட்டைகளுக்கு மட்டும் அனுமதி.

வலித்த பிறகு டேப் செய்தால் போதும்தானே?

போதாது. ஆம்பாரில் வலி முன்னே வரும், சேதம் பின்னே வரும். அதனால் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஹீல் ஹுக்கில் பெரிய வலி தெரிவதற்குள்ளேயே முட்டியின் தசைநார்கள் கிழிந்துவிடலாம். அதனால் பிடி விழுந்து, வெளியே வர வழி தெரியவில்லை என்றாலே தட்டிவிடுங்கள். கை சிக்கியிருந்தால் வாயால் "டேப்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பயிற்சியில் தட்டியதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

பூட்டுப் போடுபவருக்கும் கடமை உண்டு. மூட்டுப் பூட்டுகளை வெட்டி இழுக்காமல் மெல்ல ஏற்றுங்கள். பார்ட்னர் திடீரென்று தளர்ந்தால், குறட்டை போல் சத்தம் வந்தால், உடனே விடுங்கள். தட்டும் வரை காத்திருக்க வேண்டாம். நினைவு தப்பியவரால் தட்ட முடியாது.

இதையெல்லாம் எப்படிப் பயிற்சி செய்வது? ரோலிங்கில், அதாவது பார்ட்னரோடு ஆடும் பயிற்சி ஆட்டத்தில், நேரமே கிடைப்பதில்லை.

முழு ரோலிங்கில் பாதி நேரம் பிடி சண்டையிலேயே போய்விடும். பார்ட்னரிடம் கேட்டு, ஒரே இடத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் ஹாஃப் கார்டின் (அவர் கால்கள் உங்கள் ஒரு காலை மட்டும் பிடித்திருக்கும் நிலை) மேலே, அண்டர்ஹுக் யாருக்கும் இல்லை. அவர் புரட்டினாலோ முழுக் கார்டுக்கு வந்தாலோ அவர் சுற்று. நீங்கள் தாண்டினால் நிறுத்தாமல் சப்மிஷன் வரை போக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். பல வகுப்புகளில் தாண்டியதும் "சரி, மறுபடி" என்று நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறார்கள். அப்படிப் பழகினால் உடம்பும் தாண்டியதும் நின்றுவிடக் கற்றுக்கொள்கிறது.

முதலில் பார்ட்னர் பாதி பலத்தில் தடுக்கட்டும். ஒரு வாரம் அண்டர்ஹுக்கோடு நீ கட், அங்கிருந்து ஆம் ட்ரையாங்கிள். இவ்வளவுதான். அடுத்த வாரம் அதே நீ கட், அவர் புரண்டால் முதுகு. புதிய பாஸ் எதுவும் வேண்டாம். மூன்றாவது வாரம் அவரை முழுப் பலத்தில் தடுக்கச் சொல்லுங்கள். எங்கே உடைகிறது என்று அப்போது தெரியும், அந்த இடத்தைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.